மௌனத்துக்குப் பிறகான ஆட்டம்

காலையில் எழுந்து டீ போட்டேன். பம்ப் ஊசியை எச்சிலில் நனைத்துக் கால்பந்துகளுக்குக் காற்றடித்தேன். முட்டி போய் நான் ஆட்டத்தை விட்டுக் கோச் ஆன பிறகுதான் என் மனைவி மெர்சி மைதானத்துக்கு வர ஆரம்பித்தாள். பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்து எனக்கே கோச்சிங் கொடுப்பாள். அவள் இறந்த பிறகு இதுதான் முதல் ஆட்டம். தோற்றால் அணி கீழ் டிவிஷனுக்குப் போய்விடும். ஆட்டம் தொடங்கும் முன் மைதானத்தில் அவளுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். முடிந்ததும், ஒன்பதாம் நம்பர் சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேப்டன் ரூபன் வந்தான்.

"கோச், அக்கா கடசியா என்னப் பத்தி எதுனா சொன்னாங்களா?"

"நல்லா ஆடச் சொன்னா."

"இன்னிக்கு அக்காவுக்கோசரம் ஆடறேன், பாரு கோச்."

இரண்டாம் பாதியிலும் கோல் விழவில்லை. ரூபன் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். நான் பார்ப்பது தெரிந்ததும் நிமிர்ந்து சிரித்தான். நானும் அப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் என் முட்டியைத் தொலைத்தேன். மாற்று ஆள் என் பக்கத்தில் தயாராக நின்றான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எங்கள் போன ஆட்டத்தின் வீடியோவைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த மெர்சி, மாஸ்க்கை விலக்கிக் கடைசியாகச் சொன்னது வேறு.

"யோவ், ரூபன வெளிய கூப்புடுய்யா. கால இழுத்துக்கினு ஓடறான், நீ இன்னாத்தப் பாத்துக்கினு நிக்கற?"