பாதியில் நின்ற பாடம்

“ஹலோ! யாராவது இருக்கீங்களா? இல்ல, இங்கயும் மெஷின்தானா?”

கல்லூரி நூலகத்தின் கவுன்டரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான் தனுஷ். அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படிக்கிறான். பாடங்களெல்லாம் ஒலியாகப் பதிவாகி இந்த நூலகத்திலிருந்து அவன் போனுக்கே வந்துவிடும் என்பதால், இதுவரை இங்கே கால் வைத்ததில்லை. இன்று சண்டை போடுவதற்கென்றே ஐயம்பேட்டையிலிருந்து கிளம்பி வந்திருந்தான். ஸ்கூட்டியில் அழைத்து வந்த தங்கை திரிஷா, வாசலில் அவனை விட்டுவிட்டு வண்டியை நிறுத்தப் போயிருந்தாள்.

சற்றுத் தாமதமாகப் பதில் வந்தது.

“வணக்கம். சொல்லுங்கள். என்ன உதவி வேண்டும்?”

அதே குரல்! வாசல் கதவில் “அட்டையைக் காட்டவும்” என்றதும் இதுதான். போனில் சில வாரங்களாக அவன் உயிரை எடுப்பதும் இதுதான். ஏற்ற இறக்கமே இல்லாத கணினிக் குரல். தனுஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உதவியா? உன்னாலதான் நான் பெயிலாவப் போறேன். அடுத்த வாரம் பரீட்சை. ஏற்கெனவே ஒரு தடவை போன பேப்பர். இந்தத் தடவையும் போச்சுன்னா வீட்ல படிப்பையே நிறுத்திடுவாங்க. ஷாரோன் அக்கா எங்க? அவங்க வாசிச்ச பாடம்தான் எனக்கு வேணும். உன் குரல் வேணாம்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“இன்னா, கரன்ட் போயிடுச்சா?”

“இல்லை. அந்தப் பாடங்களில் என்ன குறை?”

“ஒண்ணா ரெண்டா? மகேந்திரவர்மன்ற பேரையே ரெண்டு துண்டா வெட்டிப் படிக்கற. நம்ம காஞ்சிபுரத்தையே எவனோ வெளிநாட்டுக்காரன் மாதிரி சொல்ற. ராஜா ஜெயிச்சாலும் அதே குரல், செத்தாலும் அதே குரல். காதுல ஏறவே மாட்டேங்குது. எங்க வீட்டச் சுத்தி எந்நேரமும் தறி ஓடிக்கினு இருக்கும். அந்தச் சத்தத்துலயும் ஷாரோன் அக்கா வாசிச்சா அப்படியே மனசுல நிக்கும்.”

“அவர் அவ்வளவு நன்றாக வாசிப்பாரா?”

“இன்னா இப்படிக் கேட்டுட்ட!” தனுஷின் முகமே மாறிவிட்டது. “பக்கத்துல உட்கார்ந்து கதை சொல்ற மாதிரி இருக்கும். ‘இந்த இடம் கஷ்டமா இருக்குதுல்ல, மறுபடியும் வாசிக்கறேன், கேளு’ம்பாங்க. எனக்குன்னே சொல்ற மாதிரி. படிப்பே வேணாம்னு மூலையில உட்கார்ந்துக்கினு இருந்தவன் நான். அந்தக் குரலைக் கேட்டுத்தான் படிக்கணும்னு ஆசையே வந்துச்சு.”

டிக் டிக்கென்று மெல்லிய சத்தம் கேட்டது. தனுஷ் காதைத் தீட்டிக்கொண்டான்.

“உள்ளுக்குள்ள யோசிக்கறியா?”

“சாப்பிட்டீர்களா?”

“பார்றா! இதெல்லாம்கூட கேப்பியா நீ?” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு உடனே அடங்கிவிட்டது. “கடைசியா வந்த பாடத்துல ரொம்ப இருமினாங்க. ‘இருப்பா, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்’னாங்க. அதோட முடிஞ்சுபோச்சு. அடுத்த பாடத்தைப் போட்டா நீ பேசற. அந்தப் பாதிப் பாடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கறேன். தண்ணி குடிச்சிட்டு வந்துடுவாங்கன்னு பைத்தியக்காரன் மாதிரி காத்துக்கினு இருக்கேன். அவங்களை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா? மெஷின் வந்துட்டா மனுஷங்க வேணாமா?”

இந்த முறை பதில் வர மிகவும் நேரமானது.

“யாரும் தூக்கவில்லை. ஷாரோனுக்குத் தொண்டையில் புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இனி அவரால் பேச முடியாது.”

தனுஷ் கவுன்டரின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“உயிருக்கு... ஒண்ணும் இல்லையே?”

“இல்லை. பிழைத்துக்கொண்டார். மீதிப் பாடங்களை அனுப்பியதும் அவர்தான். அது பழைய புத்தகம். எழுத்து மங்கிப்போயிருப்பதால் கணினியால் நேராகப் படிக்க முடியவில்லை. ஒவ்வொரு பக்கமாக அவரே டைப் செய்து கொடுத்தார். பரீட்சைக்குள் முடிக்க வேண்டுமென்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஆரம்பித்துவிட்டார்.”

“ஐயோ! அதையா நான் இவ்ளோ நேரம் திட்டினேன்?” தனுஷ் தலையில் அடித்துக்கொண்டான். கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. “அவங்ககிட்ட சொல்லிடு. நான் அதையே கேட்டுப் படிக்கறேன். எந்தக் குரலா இருந்தா இன்னா, அவங்க வாசிக்கறதாவே நெனச்சிக்கறேன். அவங்க கையைப் பிடிச்சு ஒரே ஒரு தடவை தாங்க்ஸ் சொல்லணும். இங்க எந்தப் பக்கம் உட்காருவாங்க?”

பதில் இல்லை.

“உன்னத்தான் கேக்கறேன். எந்தப் பக்கம்?”

பின்னால் திரிஷாவின் செருப்புச் சத்தம் கேட்டது. வேகமாக வந்தவள் அண்ணன் பக்கத்தில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“திரிஷா, இந்த மெஷினுக்கு இன்னா ஆச்சு பாரேன். இவ்ளோ நேரம் நல்லாப் பேசிக்கினு இருந்துச்சு, இப்ப கம்முனு ஆயிடுச்சு.”

“மெஷினா?” திரிஷா அவன் தோளைத் தொட்டாள். “உன் எதிர்ல ஒரு அக்கா உட்கார்ந்துக்கினு இருக்காங்கண்ணா... கழுத்துல கட்டு போட்டிருக்காங்க, கீபோர்டு மேல கைய வச்சபடி அழுதுக்கினு இருக்காங்க.”