நடைப்பயிற்சி சென்ற ஒருவர்

மெத்தைக் கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆலோசகருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் மெழுகர். யார் எந்த அசிங்கத்தைக் கொண்டுவந்து கொட்டினாலும் பூசி மெழுகி அனுப்பிவிடுவார் என்பதால் வந்த பெயர். காதுபடக் கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டார். மனுஷன் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. மக்கள் தொடர்பாளர் சங்கத்தின் நெறிமுறைக் குழுவுக்கு அவரைத் தலைவராக்கப் போகிறார்கள். சாயங்காலம் பதவியேற்பு. பத்து வருஷமாக யார் யாரையோ காக்காய் பிடித்து வாங்கிய நாற்காலி. 'உண்மையே நம் தொழிலின் உயிர்' என்று தொடங்கும் உரையைக் கண்ணாடி முன்னால் நின்று மூன்றாவது தடவையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மை அந்தப் பக்கம் தலைகாட்டி எத்தனை வருஷமாயிற்றோ, அவருக்கே வெளிச்சம்.

உதவியாளர் அம்மா உள்ளே வந்தார்.

"சார், அந்தக் காவலாளியோட சம்சாரம் மறுபடியும் போன் பண்ணாங்க. அவருக்கு சிகரெட் பழக்கமே கிடையாதாம். நம்ம அறிக்கையைக் காட்டித்தான் கம்பெனியில நஷ்டஈடு கிடையாதுங்கிறாங்களாம்."

விஷயம் இதுதான். மூன்று நாளைக்கு முன்பு விடியற்காலையில் மெத்தைக் கம்பெனியின் கிடங்கு பற்றி எரிந்தது. உள்ளே இருந்த காவலாளியும் கருகிப்போனார். எட்டு மணிக்கெல்லாம் மெழுகரின் அறிக்கை எல்லாப் பத்திரிகைக்கும் போய்விட்டது. முதல் பத்தியில் கம்பெனியின் ஆழ்ந்த இரங்கல். இரண்டாவது பத்தியில், 'அவ்வழியே நடைப்பயிற்சி சென்ற ஒருவர்' சொன்னது: "காவலாளி சிகரெட்டை அணைக்காமல் பஞ்சு மூட்டைப் பக்கம் வீசியதை என் கண்ணால் பார்த்தேன்."

அப்படி ஒரு ஆள் பூமியிலேயே கிடையாது. பல் தேய்த்துக்கொண்டே மெழுகர் பெற்றெடுத்த பிள்ளை அது. அறிக்கையில் யாராவது ஒருவர் சாட்சி சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. திருப்தியடைந்த வாடிக்கையாளர், பெயர் சொல்ல விரும்பாத ஊழியர், கண்கலங்கிய தாய் என்று இதுவரை ஒரு ஊரையே பெற்றுப் போட்டிருக்கிறார். அவர்களில் ஒருத்தரைப் பற்றியும் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

"ரெண்டு பொண்ணுங்க சார், பாவம். எழுதறதுக்கு முன்னாடி நாம யாரையாவது விசாரிச்சோமா?"

"செத்தவரு மறுப்பு அறிக்கை விட மாட்டாரும்மா. அடுத்த தடவை போன் வந்தா நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிடுங்க."

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஒரு இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். பார்த்தால் பரம சாது. உட்காரச் சொன்னபிறகுதான் உட்கார்ந்தார். உதவியாளர் அம்மா காபி கொண்டுவரப் போனார்.

"கிடங்குத் தீ விஷயம்தான் சார். உங்க அறிக்கையில வர்ற அந்த நடைப்பயிற்சிக்காரர் யாருன்னு தெரிஞ்சா தேவலை. ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கிக்கணும்."

மெழுகர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பேர் வெளிய வர வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு சார். எங்களுக்கும் தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கு பாருங்க."

"நியாயம்தான். அப்ப அப்படி ஒரு ஆளே இல்லை, அறிக்கை பொய்னு எழுதிக்கட்டுமா? பத்திரிகைக்காரங்களும் இதையேதான் கேக்கறாங்க."

அவ்வளவுதான், மெழுகர் கண்முன்னால் சாயங்கால மேடை ஆட்டம் கண்டது. நெறிமுறைக் குழுத் தலைவர் சாட்சியை ஜோடித்தார் என்று செய்தி வந்தால் சங்கமே காறித் துப்பும். உண்மையை ஒப்புக்கொண்டால் அந்தக் காவலாளி குடும்பத்துக்கு நஷ்டஈடாவது கிடைக்கும் என்பதும் அவருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றிய வேகத்திலேயே போய்விட்டது.

"உங்ககிட்ட மறைச்சு என்ன சார் ஆகப்போகுது? அது நான்தான்."

காபியோடு வந்த உதவியாளர் அம்மா, கோப்பையைக் கீழே வைக்க மறந்து அவரையே பார்த்தார். மெழுகர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"நீங்களேவா?"

"டாக்டர் தினம் நடக்கச் சொல்லியிருக்காரு. நம்ம கம்பெனி ஆளே சாட்சி சொன்னா நல்லா இருக்காதேன்னு பேர் போடலை."

இன்ஸ்பெக்டர் எழுத ஆரம்பித்தார். "எத்தனை மணி இருக்கும்?"

தீ ஐந்து மணிக்குப் பிடித்தது என்று மெழுகரே அறிக்கையில் எழுதியிருந்தார். "அஞ்சுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி."

"கூட யாராவது வந்தாங்களா? இல்ல, அங்க வேற யாரையாவது பார்த்தீங்களா?"

இன்னொரு சாட்சியைத் தேடிக்கொண்டு போய்விடப் போகிறாரே என்று மெழுகர் அவசரமாக அந்த வாசலையும் அடைத்தார். "ஈ காக்கா இல்லை சார். அவரும் நானும் மட்டும்தான்."

எழுதியதை வாங்கிப் படித்தார். தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. 'அருகில் நின்றிருந்தேன்' என்று இருந்ததை அடித்து, 'மிக அருகில்' என்று தம் கையாலேயே திருத்தினார். கீழே பூ வைத்த மாதிரி ஒரு கையெழுத்து. எத்தனை வருஷ அனுபவம், ஒரு போலீஸ்காரரைச் சமாளிக்கத் தெரியாதா என்று உள்ளுக்குள் தம்மையே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

"அப்ப ஃபைலை மூடிடலாம், இல்லையா சார்? சாயங்காலம் எனக்கு ஒரு விழா இருக்கு."

இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கவில்லை. காபியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு. காவலாளி நுரையீரல்ல துளி புகை இல்லை. யாரோ அவரைப் பின்மண்டையில அடிச்சுக் கொன்னுட்டுத்தான் கிடங்குக்குத் தீ வெச்சிருக்காங்க."

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி அவர் சொன்னார்: "அந்த நேரத்துல அவர் பக்கத்துல இருந்த ஆள் யாருன்னு காலையிலேர்ந்து நாயா அலைஞ்சோம், நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டீங்க, வாங்க சார், ஜீப் கீழதான் நிக்குது."