தலை உருளும் ஆட்டம்

“டேய் ஆரோக்கியம், அந்த கேசட்டு கேம் ஞாபகம் இருக்குதா? ஒரே வெட்டுல தலை உருளுமே!”

விழுப்புரம் ஆஸ்பத்திரி அறையில், கட்டில் ஓரம் உட்கார்ந்து நெடுஞ்செழியன் கேட்டான். தலையில் கட்டோடு படுத்திருந்த ஆரோக்கியராஜ் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கிளியனூர் ரோட்டில் பைக்கோடு விழுந்து கிடந்தவனைத் தூக்கி வந்து பதினோரு நாள் ஆகிறது. கண் விழித்தான், பெண்டாட்டியைக்கூட அடையாளம் தெரியவில்லை.

பழசைப் பேசிக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, திண்டிவனத்திலிருந்து தினமும் வருகிறவன் இந்தச் சிநேகிதன் ஒருவன்தான்.

“என்ன கேமுண்ணா?” என்றாள் ஆரோக்கியராஜின் மனைவி அமலா.

“ஒம்போதாவது படிக்கச்சொல்ல, பங்குச் சாமியார் வீட்ல டி.வி.யில மாட்டுற கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்துச்சும்மா. கேசட்ட போட்டா அஞ்சு நிமிஷம் கீச்சு கீச்சுனு கத்தும். அப்பறம் ரெண்டு பேரு கத்தியத் தூக்கிக்கினு வருவானுங்க. சாமியார் மத்தியானம் தூங்கினதும், ஒரே கீபோர்டுல தோளோட தோள் இடிச்சிக்கினு ஒருத்தன ஒருத்தன் வெட்டுவோம். தலை பந்து மாதிரி உருளும். சிரிப்பு தாங்காம வாயப் பொத்திக்குவோம்.”

ஆரோக்கியராஜின் உதடு அசைந்தது. “ஒனக்கு... இடது பக்கத்து பட்டன்.”

“மாதாவே!” அமலாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

நெடுஞ்செழியன் குனிந்தான். “அது வருதாடா? அப்ப அன்னிக்கு ரோட்ல விழுந்தியே, அது?”

“தெரியலடா.”

“ஏரி மண்ணு திருட்டு கேசுல ஒன்ன சாட்சிக்கு கூப்ட்டிருக்காங்களே, அதுவாச்சும்?”

“என்ன கேசு?” அவன் கண் அமலா மேல் வந்து நின்றது. “இந்தம்மா யாருடா? எப்பப் பாத்தாலும் இங்கயே இருக்காங்க.”

அமலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபது வருஷம் குடித்தனம் பண்ணியவள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டும் விம்மல் நிற்கவில்லை.

“அழுவாதம்மா, மெதுவா வரும். வக்கீலுகிட்ட நானே சொல்லிடறேன், இவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு. நாளைக்கு டிஸ்சார்ஜ் இல்ல? பஸ்ல அல்லாட வாணாம். காலையில நானே கார் எடுத்துக்கினு வர்றேன்.”

“ஒங்களுக்குக் கோயில் கட்டணும்ணா” என்றாள் அமலா.

அவன் போய்விட்டான். செருப்புச் சத்தம் படியிறங்கி ஓய்ந்தது.

“அமலா, கதவச் சாத்து.”

பதினோரு நாளாக அவன் வாயில் கேட்காத தன் பெயரைக் கேட்டு அவள் உறைந்து நின்றாள். ஆரோக்கியராஜ் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

“ஒன் மூஞ்சி காட்டிக் குடுத்துடும்னுதான் ஒங்கிட்டகூட நடிச்சேன். விடியறதுக்குள்ள இங்கேர்ந்து போயிடணும். நான் சாட்சி சொல்லக் கூடாதுன்னு அன்னிக்கு பின்னால வந்து என்ன இடிச்சிட்டு, நான் செத்துட்டனான்னு எறங்கி வந்து பாத்தவன் அவன்தான்.”