எலெக்ட்ரான் எந்தப் பக்கம்?

ஆய்வாளர் வேலைக்கான உரையை அவள் முடித்ததும், கேள்வி கேட்க முதலில் உயர்ந்த கை அவள் கணவனுடையது.

முன்வரிசையில் தேர்வுக் குழு. அவன் அதே துறையில் பேராசிரியன். பின்வரிசையில், தன் மாணவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். கேள்வி யாரும் கேட்கலாம் என்பது அங்கே வழக்கம்தான். சொந்த மனைவியைக் குடைவது வழக்கமில்லை.

“மேடம், எட்டே அணு உள்ள தங்கத் துணுக்கு. அடியில ஆக்சைடுத் தளம். தளத்துலேர்ந்து தங்கத்துக்கு எலெக்ட்ரான் வருதுங்கறீங்க. எனக்கென்னவோ தங்கம்தான் தளத்துக்குக் கொடுக்குதுன்னு படுது.”

வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஊறிப் புளித்துப்போன விஷயம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தங்கத்து மேல கார்பன் மோனாக்சைடை உட்கார வச்சு, அதோட அதிர்வை அளந்தேன். அதிர்வு தளர்ந்தது. தங்கத்துல எலெக்ட்ரான் சேர்ந்தாத்தான் இப்படித் தளரும்.”

“கருவி கோளாறா இருக்கலாமே?”

“தளத்துல ஆக்சிஜன் விட்டுப்போன பள்ளங்கள் வழியாத்தான் எலெக்ட்ரான் வருது. அதையெல்லாம் அடைச்சிட்டு மறுபடி அளந்தேன். தளர்வு போயிடுச்சு. பள்ளம் அடைச்சது கருவிக்குத் தெரியுமா, சார்?”

அவன் மாணவர்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் தலையைச் சொறிந்தபடி உட்கார்ந்தான்.

குழு கூடிப் பேசும்வரை இருவரும் வெளியே நின்றார்கள்.

“எனக்கு வேலை கிடைக்கறது பொறுக்கலையா உங்களுக்கு?”

“சந்தேகம் கேட்டது தப்பா?”

“முதல் வருஷப் பிள்ளைக்குக்கூட வராத சந்தேகம்.”

கதவு திறந்தது. குழுத் தலைவியைக் கண்டதும் அவன், வண்டியை எடுத்து வருவதாகச் சொல்லி நழுவினான்.

“வேலை உங்களுக்குத்தாம்மா,” என்றார் தலைவி. “உங்க கட்டுரை எல்லாத்துலயும் அவர் பேரும் இருக்கறதால, மூளை யாரோடதுன்னு எங்களுக்கு ஒரு உறுத்தல். இன்னிக்குத் தீர்ந்துபோச்சு.” குரலைத் தணித்துக்கொண்டார். “தப்பா நினைக்காதீங்க. அவருக்கு அடிப்படையே பிடிபடலை, பாவம்.”

அவள் வண்டியில் ஏறி அவன் பக்கம் திரும்பினாள்.

“அந்தப் பள்ளம் அடைச்ச சோதனையைச் சொல்ல நான் மறந்திருந்தா?”

அவன் வண்டியைக் கிளப்பினான்.

“அதைத்தான் அடுத்த கேள்வியா வச்சிருந்தேன்.”