போலி என்று எழுதுங்கள்

“நான் மோசடிக்காரன்தான் ஐயா! அப்படியே எழுதிட்டு என்னை விடுங்க!” ஃபவ்வாஸ் மூன்றாவது முறையாகக் கத்தினான். தன்னை ஏமாற்றுக்காரன் என்று நிரூபிக்க இப்படி மன்றாடியவனை அஸ்ரக் காவல் நிலையம் அதுவரை பார்த்ததில்லை.

மேஜை மேல் பதினொரு கற்கோடரிகள் கிடந்தன. அவன் வண்டி சீட்டுக்கு அடியில் பிடிபட்டவை. ஆதிமனிதன் செய்தவை என்றால் கடத்தல், ஐந்து வருஷம் உள்ளே. இவனே செய்தவை என்றால் வெறும் ஏமாற்று வேலை, கையெழுத்துப் போட்டுவிட்டு சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம்.

வீட்டில் நுவைர் படுத்திருந்தாள். சிறுநீரகம் கெட்டுப்போன மனைவி. வாரம் இரண்டு முறை அவளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்து, ஸர்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் சுத்தம் செய்தால்தான் உயிர். இவனை விட்டால் அவளுக்கு நாதியில்லை.

“கத்தாதே ஃபவ்வாஸ்” என்றார் அதிகாரி துர்க்கி. “டாக்டர் ருவைதா தலைநகர் அம்மான் பல்கலைக்கழகத்திலேர்ந்து வந்திருக்காங்க. நம்ம ஊற்றங்கரையில தோண்டியெடுத்த கல்லைப் பார்த்தே அந்த ‘ஊற்றங்கரை மனுஷன்’ எப்படி யோசிச்சான்னு புத்தகம் போட்டவங்க. என் பொண்ணுக்கு அது பாடமாவே இருக்கு.”

ருவைதா ஒரு கோடரியைத் திருப்பிப் பார்த்தார். “நீதான் செஞ்சியா? எங்கே, ஒண்ணு செஞ்சு காட்டு.”

வண்டியிலிருந்து ஒரு தீக்கல் பாளமும், அதை அடிக்க ஒரு கருங்கல் உருண்டையும் ஒட்டகக் கால் எலும்பும் வந்தன. ஃபவ்வாஸ் தரையில் உட்கார்ந்து, தீக்கல்லை வலது தொடையில் வைத்துக்கொண்டு, உருண்டையை இடது கையில் எடுத்தான். எடுத்த எடுப்பில் அடிக்கவில்லை. விளிம்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பிறகுதான் அடித்தான்.

“ஏன் தேய்க்கிறே?”

“தேய்க்காம அடிச்சா சில்லு பாதியிலேயே முறிஞ்சிடும் டாக்டரம்மா. நாலு அடிக்கு அப்புறம் எங்கே அடிக்கணும்னு இப்பவே தெரிஞ்சிருக்கணும்.”

“அதைத்தான் நான் புத்தகத்துல எழுதினேன்” என்று சிரித்தார் ருவைதா. “எப்பவும் இடது கைதானா? ஊற்றங்கரை மனுஷனும் அப்படித்தான்.”

“பொறந்ததிலேர்ந்து. அதுக்காக அப்பாகிட்ட வாங்காத அடியில்லை.”

கடைசியில் எலும்பால் மெல்லத் தட்டித் தட்டி விளிம்பைக் கூராக்கினான். முக்கால் மணி நேரத்தில் மேஜை மேல் பன்னிரண்டாவது கோடரி. மற்றவை பழுப்பு, இது மட்டும் கருகருவென்று பளபளத்தது.

“கலர் வேறயா இருக்கே?” என்றார் துர்க்கி.

“ஒரு வருஷம் உப்புப் பாத்தியில ஊறப்போட்டா அதுவும் வந்துடும் ஐயா.”

“டாக்டரம்மா என்ன சொல்றாங்களோ அதுதான். தொழுதுட்டு வந்துடறேன்” என்று துர்க்கி எழுந்து போனார்.

ருவைதா படிவத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார். “போலின்னே எழுதிடறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம், பயப்படாதே.”

ஃபவ்வாஸுக்கு அழுகையே வந்துவிட்டது. அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தானா? இன்னும் ஒரு சாட்சி சொன்னால் காரியம் கெட்டியாகும் என்று நினைத்தான் பாவி.

“சந்தேகமே வேண்டாம் டாக்டரம்மா. பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி ஊர்ல ஒருத்தருக்கும் வேலை இல்லை. பல்கலைக்கழகத்துக்காரங்க தோண்ட வந்தா நாலு பேருக்குக் கூலி கிடைக்குமேன்னு நாப்பது கல்லு செஞ்சு ஊற வெச்சு, நம்ம ஊற்றங்கரையில புதைச்சேன். வந்தாங்களே! மூணு கோடை தோண்டினாங்க. ஊரே வயிறாரச் சாப்பிட்டுது!”

பேனா நின்றது. ருவைதா அவன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?”

“நுவைர்கிட்டகூட இல்லை. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்.”

துர்க்கி தொழுகை முடித்து உள்ளே வந்தார். “என்ன டாக்டரம்மா, இவனை அனுப்பிடலாமா?”

ருவைதா படிவத்தை இரண்டாகக் கிழித்துவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்தார். ஃபவ்வாஸ் பக்கம் திரும்பவே இல்லை.

“அசலைப் பார்த்து நல்லாத்தான் செய்யறான். ஆனா உங்க ஆளுங்க பிடிச்ச பதினொண்ணும் அசல்.”