ஐந்தாம் நாள் நிறுத்திய மாத்திரை

"இன்னொரு தடவை பார்த்துட்டீங்களா?" என்று கேட்டபடி டாக்டர் பரிசோதனைக்கூடத்துக்குள் வந்தார்.

காலையிலிருந்து நின்றே வேலை செய்த டெக்னீஷியனுக்குக் கால் கடுத்தது. "மூணு தடவை பார்த்தாச்சு டாக்டர். போன மாசம் இந்தக் கிருமியைக் கொன்ன மருந்து, இப்போ அதை ஒண்ணும் பண்ணலை."

"ஒரே மாசத்துல எப்படிம்மா மாறும்?"

"பெருகும்போது தன் மரபணுவை நகலெடுக்கறதுல மத்ததைவிட நூறு மடங்கு தப்புப் பண்ற ரகம் இது. முக்கால்வாசித் தப்பு வீணாப்போகும். ஏதோ ஒரு தப்பால மட்டும் ஒரு கிருமி மருந்துக்குத் தப்பிச்சுடும். மாத்திரையைப் பாதியில விட்டா அதுதான் மிஞ்சிப் பெருகும். இந்த ஆள் கண்டிப்பா விட்டிருக்கார். படிப்பறிவே இல்லாதவரா டாக்டர்?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காய்ச்சல் விட்டதும் அஞ்சாம் நாளே நிறுத்திட்டேன்மா. வார்டுல வேலை தலைக்கு மேல இருந்துச்சு. அது என்னோட சாம்பிள்தான்."

அவள் அறிக்கையின் கடைசி வரியில் விரலை வைத்தாள். "இந்த ஊசி ஒண்ணுக்கு மட்டும் கிருமி சாகுது டாக்டர். பதினாலு நாள் படுத்துப் போட்டுக்கணும். நடுவுல எழுந்து ஓடிட மாட்டீங்களே?"

தினம் நாற்பது நோயாளிகளை இதே கேள்வி கேட்டு அதட்டும் மனிதர், தலையைக் குனிந்துகொண்டு, "மாட்டேன்மா" என்றார்.