புளியடி ஒழுங்கைக்கு ஒரு பஸ்

"உமக்கு எத்தினை தரம் சொல்லுறது பரமலிங்கம்? பஸ் நேரைதான் போகும். புளியடி ஒழுங்கைக்குள்ளை திரும்பாது!"

மினிபஸ் சங்கச் செயலாளர் இராசநாயகம் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அதில் விரித்து வைத்திருந்த ஊர்ப்படம் சுருண்டு கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுப்பதற்குள் அவருக்கு இன்னும் கோபம் வந்துவிட்டது.

சண்டையால் பெரிய வீதியை மூடிய நாளிலிருந்தே அவருக்கு நிம்மதி இல்லை. பட்டணத்துக்குப் போகும் பஸ்கள் இனி உரும்பிராய்க் குறுக்கு வீதிகளால்தான் போகவேண்டும். எந்த வீதியால் விடுவது என்று முடிவெடுக்கும் வேலையைச் சங்கத்தார் அவர் தலையில் கட்டிவிட்டு நழுவிவிட்டார்கள். ஊரில் எல்லாருக்கும் பஸ் வேண்டும். அதுவும் தங்கள் தங்கள் வீட்டுப் படலைக்கு முன்னால் வந்து நிற்கவேண்டும்.

பனங்கிழங்கைக் காயவைத்து ஒடியல் விற்கும் தங்கமுத்து மட்டும் இதற்கு எதிர்மாறு. காயப்போட்ட ஒடியலெல்லாம் புழுதியாகிறது, என் வீட்டுப் பக்கம் பஸ்ஸே வரக்கூடாது என்று காலையில்தான் வந்து கத்திவிட்டுப் போயிருந்தாள். ஆளுக்கொரு பஸ்ஸை வாங்கி முற்றத்தில் கட்டிவிட்டால்தான் இந்தச் சனம் அடங்கும் என்று இராசநாயகத்துக்குத் தோன்றியது.

ஆனால் எல்லாரையும்விடப் பெரிய தலையிடி இந்தப் பரமலிங்கம்தான். சண்டை பிடிக்கவும் மாட்டார், எழுந்து போகவும் மாட்டார். வரும்போதெல்லாம் ஒரு புதுக் காரணத்தோடு வருவார்.

"பள்ளிக்கூடப் பிள்ளையள் பாவம் ஐயா, வெய்யிலுக்குள்ளை நடக்குதுகள்."

"பள்ளிக்கூடம் உங்கடை ஒழுங்கை முகப்பிலைதானே இருக்கு? அதுக்கும் பஸ்ஸோ?"

"வைரவர் கோயிலுக்கு வாற ஆக்கள்..."

"உங்கடை வைரவருக்கு வருசத்திலை ஒருக்கால் பொங்கல். அதுக்காக நாள் முழுக்கப் பஸ் விடுறதோ?"

"பிள்ளைத்தாச்சியளுக்கு ஒரு அவசரமெண்டால்?"

"ஆர் இப்ப உங்கடை ஒழுங்கையிலை பிள்ளைத்தாச்சி?"

பரமலிங்கம் தலையைச் சொறிந்தார்.

"இப்ப ஒருத்தரும் இல்லை ஐயா. இனிமேல் வரலாம்தானே?"

இராசநாயகத்துக்குச் சிரிப்பதா, ஆளைப் பிடித்து வெளியே தள்ளுவதா என்று தெரியவில்லை. பொறுமையை எங்கிருந்தோ இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இஞ்சை பாரும். டீசல் கண்ணிலையும் இல்லை. வாகனங்கள் மண்ணெண்ணெயிலை இருமி இருமி ஓடுது. உங்கடை ஒழுங்கையைச் சுத்திக்கொண்டு போனால் பின்னேரப் பஸ்ஸுக்கு எண்ணெய் மிஞ்சாது. ஆசுபத்திரியிலை கிடக்கிறவைக்குச் சோறு கொண்டுபோற சனம் என்ன செய்யிறது? நடக்கிறதோ? ஆற்றை படலைக்காகவும் நான் பஸ்ஸை வளைக்கமாட்டன். போட்டு வாரும்."

பரமலிங்கம் போகவில்லை. சால்வைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஐயா, இனி ஒளிக்க ஏலாது. என்ரை மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசுப்படுகுது. செவ்வாய்க் குற்றமுள்ள சாதகம், வந்ததெல்லாம் தட்டுப்பட்டுப் போச்சுது. வயதும் முப்பதைத் தாண்டிட்டுது. இதுதான் முதல்தரம் நல்லாப் பொருந்தி வந்திருக்கு. பெடியனும் தங்கமான பெடியன். ஆனால் நான் அவளுக்குச் சீதனமாய்க் கட்டி வைச்சிருக்கிற வீடு அந்த ஒழுங்கைக்குள்ளை. பஸ் போற றோட்டிலை வீடெண்டால்தான் மேற்கொண்டு கதைக்கலாமாம். இல்லாட்டி வேண்டாமாம்."

இராசநாயகம் பேனையை வைத்துவிட்டார். இத்தனை நாளும் மனுசன் பிள்ளைத்தாச்சி, வைரவர் என்று இழுத்தது இதற்குத்தானா? அவருக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. கூடவே வேறொரு பக்கம் கோபம் பொங்கியது.

"ஊரிலை சனம் வருத்தக்காரரை ஆசுபத்திரிக்குச் சைக்கிளிலை வைச்சு உருட்டிக்கொண்டு போகுது. இந்த நேரத்திலை பஸ் போற றோட்டிலை வீடு கேக்குதோ அதுகளுக்கு? வீட்டைப் பேத்தெடுத்துக்கொண்டு போய் றோட்டிலை வைக்கிறதோ? மனிசரே உதுகள்!"

"அப்பிடிச் சொல்லாதேங்கோ ஐயா. நல்ல குடும்பம்."

"நல்ல குடும்பமோ? உப்பிடிப்பட்ட திமிர் பிடிச்சதுகளாலைதான் ஊரிலை குமருகள் வீட்டோடை இருக்குதுகள். ஆர் காணும் அந்த மாப்பிள்ளையின்ரை தேப்பன்? பேரைச் சொல்லும். பஸ் வராது, வீடு ஒழுங்கைக்குள்ளைதான், விருப்பமெண்டால் கட்டு எண்டு அவன்ரை முகத்துக்கு நேரை நான் சொல்லுறன்!"

"வேண்டாம் ஐயா. சம்பந்தம் முற்றாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் ஆரெண்டு காட்டிக்கொள்ளக் கூடாதெண்டு தரகர் சொன்னவர். சொன்னால் இதுவும் குழம்பிப் போம்."

"குழம்பாது. நான் பொறுப்பு. சொல்லுமன் காணும்!"

பரமலிங்கம் எழுந்து சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவடி வரை போய், தயங்கித் தயங்கித் திரும்பினார்.

"அண்டைக்குத் தரகர் வந்து உங்கடை வீட்டு அம்மாவோடை கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை, நீங்கள் பேப்பராலை தலையை எடுக்காமல், 'பஸ் போற றோட்டிலை வீடெண்டால் மட்டும் எங்கடை பெடியனுக்குப் பேசும்' எண்டு சொன்னீங்களாம், ஐயா."